ராமநாதபுரம் கடற்கரையில் நாள் வாடகைக்கு விட ஒரு வீடு: தேடுவதிலிருந்து சாவி கொடுப்பது வரை

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்து, இரண்டு வருடத்துக்கும் மேலாக மண்டபத்தோடு நின்றுபோயிருந்த ரயில்கள் மறுபடி ராமேசுவரத்துக்குள் வர ஆரம்பித்தன. அதிலிருந்தே மதுரை, சென்னை, கோவைக்காரர்கள் மட்டுமில்லை, வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகளும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “கடலோரமா ஒரு வீட்டை வாங்கிப் போட்டு நாள் வாடகைக்கு விட்டா என்ன?”

விடலாம். ஆனால் கேட்பவர்களில் பெரும்பாலோர் கடல் தெரியும் வீட்டைத்தான் தேடுகிறார்கள். இந்தக் கரையில் வீட்டை வாழவைப்பது பத்திரமும் தண்ணீரும் அங்கே இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளும்தான். இந்த மூன்றும் சரியாக இருந்தால், கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சாதாரண ஓட்டு வீடுகூடச் சம்பாதிக்கும்.

யார் வந்து தங்கப்போகிறார்கள்?

வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் விருந்தாளியை முடிவு செய்யுங்கள். இந்தக் கரைக்கு வருபவர்களில் பெரும் பங்கு யாத்திரிகர்கள். தை, ஆடி, புரட்டாசி அமாவாசைகள், மகா சிவராத்திரி, கார்த்திகை தொடங்கி தை வரை ஐயப்ப பக்தர்கள், இடையில் வருடம் முழுக்க வட இந்தியக் குடும்பங்கள். ஒரு வேனில் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். இரவு பதினோரு மணிக்கு வந்து இறங்கி, ஸ்படிக லிங்க தரிசனத்துக்காக விடியற்காலை நாலரைக்கே கிளம்பிவிடுவார்கள். இவர்களுக்குக் கடல் காட்சி தேவையில்லை. வேன் நிறுத்த இடம், வெந்நீர், நிறையப் படுக்கை, சுத்தமான கழிப்பறை, அப்புறம் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வந்து ஈரத்துணி காயப்போடக் கொடி. இந்தக் கொடி சின்ன விஷயம் போலத் தெரியும். மாடியில் நாலு வரிசை நைலான் கயிறு கட்டிவைத்த வீட்டுக்கும், விருந்தாளிகள் ஏ.சி. மேலும் கதவு மேலும் ஈர வேட்டியைப் போட்டுச் சுவரைக் கெடுக்கும் வீட்டுக்கும் ஒரே வருடத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இன்னொரு வகை, கடலுக்காகவே வருபவர்கள். அரியமான், பிரப்பன்வலசை, குந்துகால், தனுஷ்கோடி என்று போய் துடுப்புப் பலகை, கைட் சர்ஃபிங் செய்யும் இளைஞர்கள். எண்ணிக்கை குறைவு, ஆனால் மூன்று நாள், ஐந்து நாள் என்று தங்குவார்கள். மூன்றாவது வகை ஏர்வாடி தர்கா, தேவிபட்டினம் நவபாஷாணம், சேதுக்கரை என்று பரிகாரத்துக்கும் நேர்ச்சைக்கும் வருபவர்கள். அவர்களில் பலர் அன்றே திரும்பிவிடுவார்கள், ஏர்வாடி சந்தனக்கூடு நாட்கள் தவிர.

என் கணிப்பு: முதல் வீடு வாங்குபவர் யாத்திரிகரை நம்பி வாங்குவதே நல்லது. அதாவது தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், உச்சிப்புளி வரையிலான வழி. தொண்டிப் பக்கமும் வாலிநோக்கம் பக்கமும் நிலம் மலிவுதான். ஆனால் ஆளை நீங்களே வரவழைக்க வேண்டும்.

கணக்கை முதலில் போடுங்கள்

புரோக்கர் சொல்லும் கணக்கில் வருடத்துக்கு 365 நாளும் வீடு நிறைந்திருக்கும். நாம் வேறு மாதிரி போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வீடு 50 லட்சம். தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 4.5 லட்சம். வக்கீல், இன்ஜினியர், எழுத்துக் கூலிக்கு அரை லட்சம். பழுது, தண்ணீர்த் தொட்டி, கட்டில், மெத்தை, ஏ.சி.க்கு 7 லட்சம். மொத்தம் 62 லட்சம்.

ஒரு நாள் வாடகை 4,500 ரூபாய் என்றும் வருடத்தில் 110 நாள் ஆள் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். வரவு 4.95 லட்சம். செலவு: பாதி முன்பதிவு இணையதளங்கள் வழியாக வந்து 15 சதவீதம் கமிஷன் போனால் 37 ஆயிரம், பார்த்துக்கொள்பவர் சம்பளம் மாதம் 12 ஆயிரம் வீதம் 1.44 லட்சம், மின்சாரம் 60 ஆயிரம், சலவை, துப்புரவு 33 ஆயிரம், தண்ணீர் லாரி 25 ஆயிரம், பெயின்ட், துரு, ஏ.சி. சர்வீஸ் 60 ஆயிரம். வரி, காப்பீடு, இணையம் 25 ஆயிரம். கழித்தால் கையில் நிற்பது 1.11 லட்சம். போட்ட பணத்துக்கு 2 சதவீதம்கூட வரவில்லை.

அதே வீடு 200 நாள் ஓடினால் வரவு 9 லட்சம். செலவும் 5 லட்சத்தைத் தாண்டும். மிச்சம் 3.9 லட்சம் சொச்சம், அதாவது 6 சதவீதம் சொச்சம். வங்கி வைப்பு நிதியைத் தொடவே 200 நாள் வேண்டும். வீட்டுக் கடன் வாங்கித்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் வாடகை வட்டியைக்கூடக் கட்டாது. நிலத்தின் விலை ஏறும் என்ற நம்பிக்கையையும் சேர்த்துத்தான் இதில் இறங்க வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எந்தக் கடல்?

இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்கு ஆர்ப்பரிக்கும், வடக்கு குளம் மாதிரிக் கிடக்கும். வாடைக் காலத்தில் வடக்குக் கரைக்குத்தான் அடி. அந்த மாதங்களில் கடல் புல்லும் பாசியும் கரையில் மலையாக ஒதுங்கி அழுகும். நாற்றம் வீட்டுக்குள் வரும். ஆகவே ஒரு வீட்டை ஆனியில் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும் பார்க்க முடிந்தால் பாருங்கள். பகலில் மட்டும் பார்க்காமல் காலை ஆறு மணிக்கும் போய் நில்லுங்கள். பக்கத்துக் காலி மனை கருவாடு காயவைக்கும் இடமா என்பது அப்போதுதான் தெரியும். அது அவர்கள் பிழைப்பு, அவர்கள் முதலில் வந்தவர்கள். நீங்கள் போய் மாற்ற முடியாது, மாற்றச் சொல்வதும் நியாயமில்லை.

விமான நிலையம் வரப்போகிறது, நான்கு வழிச்சாலை வரப்போகிறது என்று விலையில் சேர்த்துச் சொல்வார்கள். வரட்டும். வராத சாலைக்கு இப்போதே காசு கொடுக்காதீர்கள். அந்தச் சாலைக்கு உங்கள் மனையே கையகப்படுத்தலில் வருகிறதா என்பதை மட்டும் தாலுகா அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

200 மீட்டர் கோடு

அலை வந்து தொடும் தூரத்தில் இருக்கும் வீட்டைக் காட்டி, “சார், கடல் நம்ம வாசல்ல நிக்குது” என்பார்கள். அங்கேதான் கவனம் வேண்டும்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள், சுருக்கமாக சி.ஆர்.இசட்., உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை பொருந்தும். 2011 அறிவிக்கையின்படி ஊராட்சிப் பகுதிகளில் அந்தக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களுக்கு அதை 50 மீட்டராகக் குறைத்தது. மற்ற ஊர்களுக்கு 200 மீட்டர் அப்படியே இருக்கிறது. நம் கடலோர ஊராட்சிகளுக்கு 200 என்றே எடுத்துக்கொண்டால் பின்னால் வருத்தப்பட வேண்டியிருக்காது. மணல் மேடு, சதுப்புநிலக் காடு, பவளப்பாறை உள்ள இடங்களில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. காரங்காடு மாதிரியான இடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். தெற்கே 21 தீவுகள் அடங்கிய கடல்சார் தேசியப் பூங்காவும் இருக்கிறது.

உயர் அலைக் கோடு என்பது நீங்கள் நின்று கண்ணால் பார்க்கும் ஈரக் கோடு இல்லை. அரசு அங்கீகரித்த வரைபடத்தில் போட்ட கோடு. ஆகவே புல எண்ணை வைத்து வரைபடத்தில் பார்க்க வேண்டும். புரோக்கர் காலடியால் அளந்து சொல்வதை நம்பக்கூடாது.

அந்தக் கோட்டுக்குள் ஏற்கெனவே அனுமதியோடு கட்டிய பழைய வீடு இருந்தால் பழுது பார்க்கலாம். இருக்கும் அடித்தளப் பரப்பைத் தாண்டிப் பெருக்க முடியாது. உள்ளூர் மக்கள், மீனவர்கள் உட்பட, தங்கள் வீட்டின் அளவையும் முகப்பையும் மாற்றாமல் விருந்தினரைத் தங்கவைக்க விதியே இடம் தருகிறது. கவனியுங்கள், அந்தச் சலுகை உள்ளூர்க்காரருக்கு. வெளியூரிலிருந்து வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு, “நானும் ஹோம்ஸ்டேதான்” என்று சொல்ல முடியாது.

இதெல்லாம் காகிதத்தில்தான், யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு: 2020 ஜனவரியில் கொச்சி மரடில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை வெடி வைத்துத் தகர்த்தது இந்தக் கடலோர விதிகளை மீறியதற்காகத்தான். அப்போதிருந்த ஊராட்சியே அனுமதி கொடுத்த கட்டடங்கள் அவை.

பத்திரம்

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: தாய்ப்பத்திரம் தொடங்கி எல்லாப் பத்திரங்களின் நகல், குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, அ பதிவேடு (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு), புலப்படம் (மனையின் அளவு வரைபடம்), வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி. கிராம நத்தமாக இருந்தால் நத்தம் பட்டா. இவற்றை ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ பழகிய வக்கீல் ஒருவரிடம் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குங்கள். விற்பவர் காட்டும் வக்கீல் வேண்டாம்.

இந்தப் பகுதிக்கே உரிய சிக்கல்கள் சில. ஒன்று, கோயில் நிலமும் வக்பு நிலமும் நிறைய. கோயில் நிலத்தை அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. பதிவுத் துறை இணையதளத்தில் அந்தப் புல எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பைத் தேடிப் பாருங்கள். பூஜ்யம் என்று வந்தால் அது பதிவுக்குத் தடை போட்ட நிலமாக இருக்கலாம், உடனே நிறுத்துங்கள். இரண்டு, புறம்போக்கு. கடலை ஒட்டிய மணல் பெரும்பாலும் அரசுடையது. தோப்பு வேலி அதற்குள் பத்து மீட்டர் நீண்டிருக்கும். சர்வேயரை வைத்து அளந்து கல் ஊன்றிய பிறகு மனையின் அளவு சுருங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம், விலையைச் சுருக்குங்கள்.

மூன்று, விற்பவர் துபாயிலோ மலேசியாவிலோ இருப்பார். இங்கே தம்பியோ மச்சானோ பவர் பத்திரத்தோடு நிற்பார். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்று பாருங்கள். வீடியோ அழைப்பில் அவரிடமே பேசுங்கள். நான்கு, பாகப்பிரிவினை ஆகாத பூர்வீகச் சொத்து. அண்ணன் தம்பி மூவர் கையெழுத்துப் போட்டு, கட்டிக்கொடுத்த சகோதரிகள் இருவர் போடாமல் விட்ட பத்திரம்தான் பத்து வருடம் கழித்துக் கோர்ட்டில் நிற்கும். வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பெயரும் கிரயப் பத்திரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மனையாக வாங்கிக் கட்டப்போகிறீர்கள் என்றால் அது அனுமதி பெற்ற மனைப்பிரிவா, அல்லது 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவாகி வரன்முறை செய்யப்பட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் பதிவும் கஷ்டம், கட்டட அனுமதியும் கஷ்டம்.

வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கு இன்னொன்று: விவசாய நிலமும் பண்ணை வீடும் உங்கள் பெயரில் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தராது. “தென்னந்தோப்புக்குள்ள அழகான வீடு சார்” என்பது பெரும்பாலும் அதுதான்.

வீட்டைத் தட்டிப் பார்ப்பது

உப்புக் காற்று இங்கே எல்லாவற்றையும் தின்னும். புதுப் பெயின்ட் அடித்த வீட்டைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். முழங்கால் உயரத்தில் சுவரை ஒரு நாணயத்தால் சுரண்டுங்கள். பூச்சு மாவாக உதிர்ந்து, வெள்ளையாக ஒரு தூள் விரலில் ஒட்டினால் சுவர் உப்பு வாங்கிவிட்டது; நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும். அப்புறம் ஏணி போட்டு சன்ஷேடின் அடிப்பக்கத்தையும் தண்ணீர் தொட்டி நிற்கும் தளத்தின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். கம்பி ஓடும் நேர்க்கோட்டில் பழுப்பு நிறக் கசிவோ வெடிப்போ இருந்தால் உள்ளே துரு ஏறிவிட்டது. கடல் மணல் கலந்து கட்டிய வீடுகளில் இது சீக்கிரமே வரும். கம்பி போன வீட்டுக்கு மனை விலை மட்டும் கொடுங்கள்.

ஜன்னலுக்கு யு.பி.வி.சி. என்னும் கெட்டி பிளாஸ்டிக், குளியலறைக் கதவுக்கு ஃபைபர், கைப்பிடிகளுக்கு எவர்சில்வரில் 316 தரம். சாதாரண 304 இங்கே புள்ளி விழும். ஏ.சி.யின் வெளி யூனிட்டைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். மழைக்கு: 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அன்று இந்த வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை.

தண்ணீர்

நல்ல தண்ணீர் இல்லாத வீடு எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். மணல் பாங்கான இடங்களில் மழைநீர், உப்பு நீரின் மேலே மெல்லிய படலமாக நிற்கிறது; அதைத்தான் ஊற்றுத் தோண்டி எடுக்கிறார்கள். ஆழ்துளை போட்டு மோட்டாரில் இழுத்தால் அடியில் இருக்கும் உப்பு ஏறிவிடும், உங்களுக்கு மட்டுமில்லை, தெருவுக்கே. கடலோர விதிகளும் 200 மீட்டருக்குள் உள்ளூர் மக்களின் சொந்தத் தேவைக்கு அன்றி நிலத்தடி நீரை எடுக்க விடுவதில்லை.

கிணற்றுத் தண்ணீரை வைகாசியில் சோதியுங்கள், ஐப்பசி மழைக்குப் பிறகு இல்லை. ஆய்வகச் சோதனை கண்டிப்பாகச் செய்யுங்கள். அதோடு ஒரு கைப்பிடி துவரம் பருப்பையும் போட்டுப் பாருங்கள். வேகாவிட்டால் அந்தத் தண்ணீரில் சமைக்க முடியாது. காவிரிக் கூட்டுக் குடிநீர் இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று குழாயடியில் நிற்கும் அக்காக்களிடம் கேளுங்கள். பத்துப் பேர் தங்கும் வீட்டுக்குக் குறைந்தது 10,000 லிட்டர் தரைத்தொட்டி கட்டுங்கள். கழிவுநீர்த் தொட்டி கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதையும் பார்த்துவிடுங்கள். மணலில் எல்லாம் சீக்கிரம் ஊறிச் சேரும்.

கிரயம்

இது சுருக்கமான வேலை. கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1 சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் இந்த வரம்பே இல்லை, விகிதமும் அதிகம். பிடிக்காமல் விட்டால் வருமான வரித் துறை உங்களைத்தான் கேட்கும். பதிவு முடிந்த கையோடு பட்டா மாறுதல், வீட்டு வரி, மின் இணைப்பு மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

உரிமம்

சுற்றுலாத் துறையின் ஹோம்ஸ்டே பதிவு, உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வசித்துக்கொண்டு ஆறு அறைகள் வரை விடுவதற்கானது. நீங்கள் சென்னையில் இருந்தால் அது விருந்தினர் விடுதிக் கணக்கில் வரும்: உள்ளாட்சியில் தொழில் உரிமம், வணிக மின் இணைப்பு, சாப்பாடு போட்டால் உணவுப் பாதுகாப்புப் பதிவு. வீட்டு இணைப்பில் விடுதி நடத்திப் பிடிபட்டால் கட்டும் அபராதம் பல வருட மிச்சத்தை விழுங்கும்.

ஜி.எஸ்.டி.: வருட வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பதிவு வேண்டாம். முன்பதிவு இணையதளம் வழியாக வரும் அறைகளுக்கு வரியை அந்தத் தளமே கட்டும். 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்.

அடையாள அட்டை வாங்காமல் யாருக்கும் சாவி கொடுக்காதீர்கள். இது இலங்கைக்கு எதிரே இருக்கும் கரை. கடலோரக் காவல் குழுமம் எப்போது வேண்டுமானாலும் வந்து பதிவேட்டைக் கேட்கும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் பதிய வேண்டும்.

ஆள்

மேலே சொன்ன எல்லாவற்றையும் விட இதுதான் கடினம். இரவு பன்னிரண்டுக்கு வேன் வந்து நிற்கும்போது எழுந்து கதவு திறக்க, மோட்டார் ஓடாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட, போர்வையை எண்ணி வாங்க, அதே தெருவில் ஒரு குடும்பம் வேண்டும். தனி ஆளை விடக் கணவன் மனைவி சேர்ந்து பார்த்துக்கொள்வது நன்றாக நடக்கும். வீடு வாங்கும் முன்பே அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடியுங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்த ஊரில் வாங்க வேண்டாம்.

சம்பளத்தோடு ஒவ்வொரு முன்பதிவுக்கும் ஒரு தொகை கொடுங்கள். சமைத்துக் கொடுத்தால் அந்தக் காசு முழுவதும் அவர்களுக்கே. மீனவர் வீடாக இருந்தால் விருந்தாளிக்கு அன்றைய மீன் கிடைக்கும். இதற்காகவே திரும்பி வருபவர்கள் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப் படகு மீன் மட்டும்தான், விலையும் ஏறும். மே மாத விடுமுறைக் கூட்டம் சரியாக அந்த நாட்களில்தான் வரும் என்பதால், அறிவிப்பிலேயே இதை எழுதிவிடுங்கள்.

ஊர்த் திருவிழாவுக்கு உங்கள் வீட்டுப் பங்கான ஊர் வரியைக் கேட்டு வருவார்கள். மறுக்காமல் கொடுங்கள்.

முதல் முன்பதிவுக்கு முன்

நீங்களே குடும்பத்தோடு நாலு நாள் தங்குங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். வாசலில் கால் கழுவ ஒரு குழாய் வையுங்கள், இல்லாவிட்டால் அரியமான் மணல் முழுக்க மெத்தையில்தான் இருக்கும்.

படங்களைப் போடும்போது கடல் எத்தனை மீட்டர், கோயில் எத்தனை கிலோமீட்டர் என்று உண்மையை எழுதுங்கள். தெருக் கோடியிலிருந்து எடுத்த கடல் படத்தை ஜன்னல் காட்சி போலப் போடுபவர்களுக்கு முதல் மாதத்திலேயே ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் விழுகின்றன. அமாவாசை நாட்களுக்கும் டிசம்பர் கடைசி வாரத்துக்கும் தனி விலை, ஆவணியில் சாதாரண வார நாட்களுக்குத் தனி விலை. மது, அசைவம், இரவு சத்தம் பற்றிய விதிகளைத் தமிழிலும் இந்தியிலும் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். தனுஷ்கோடிக்குப் போகிறவர்களிடம் மாலைக்குப் பிறகு அந்தச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், திரும்பி வந்து உங்கள் ஆளிடம் சண்டை பிடிக்க மாட்டார்கள்.